முதல் வீடு வாங்கியாயிற்று, இனி என்ன? புதுப்பிக்கத் தொடங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் முதல் வீட்டில் நான் செய்த முதல் வேலை, கூடத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தது. ஐந்தாவது மாதம் அதே சுவரை உடைத்து, உள்ளே கசிந்துகொண்டிருந்த குழாயை மாற்றினோம். பெயிண்ட் காசும் போச்சு, நிறம் பிடித்துப்போன சந்தோஷமும் போச்சு. அதற்கப்புறம் வீடு வாங்கிய நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கட்டுமானத் துறை ஆள் இல்லை. தவறான வரிசையில் வேலை செய்து சரியான வரிசையைக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

சாவி கைக்கு வந்த முதல் நாள் என்ன செய்வது?

தண்ணீரையும் மின்சாரத்தையும் எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடியுங்கள். வேறெதுவும் அன்றைக்கு நடக்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்குள் வரும் தண்ணீரின் மெயின் வால்வைத் தேடி, ஒருமுறை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். பல வருடம் யாரும் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். பாதிராத்திரியில் குழாய் வெடிக்கும்போது அது திரும்பவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இறுகியிருந்தால் பலம் போட்டு உடைக்காமல் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். குழாயில் கேஸ் வந்தால் அதன் வால்வும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் இந்த இடங்களைக் காட்டிவிடுங்கள்.

மின்பெட்டியில் எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று ஒன்றொன்றாக அணைத்துப் பார்த்துப் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒருவர் பெட்டியருகே நிற்க, இன்னொருவர் அறை அறையாக "போச்சு, வந்துச்சு" என்று கத்தினால் அரை மணி நேர வேலை.

பெட்டியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் உள்ள ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.சி.டி., ஆர்.சி.சி.பி. என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். மின்சாரம் வழிதவறி மனித உடம்பு வழியாகப் போனால், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டிப்பதற்கென்று வைப்பது இது. பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்று விழ வேண்டும். விழவில்லை என்றாலோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாலோ, உங்கள் வேலைப் பட்டியலின் முதல் வரி கிடைத்துவிட்டது.

மீட்டர்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பில் பாக்கி யாருடையது என்ற பேச்சு வந்தால் உதவும்.

விற்றவர் நல்ல மனிதர். அப்படியும் பூட்டை மாற்ற வேண்டுமா?

வேண்டும். அவர் நல்லவர்தான். அவர் வீட்டில் வேலை செய்தவர், குடியிருந்தவர், எப்போதோ சாவி வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் அவருக்கே நினைவிருக்காது. பல பூட்டுகளில் நடுவிலுள்ள சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், கதவைத் தொட வேண்டாம். செயலி வழியாக இயங்கும் கேமரா, காலிங் பெல், வைஃபை ரூட்டர் எதையாவது விட்டுப்போயிருந்தால் அவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய வீட்டுக்காரரின் போனில் உங்கள் வாசல் தெரிந்துகொண்டிருக்கும்.

வாங்கும் முன்பே பொறியாளர் வந்து பார்த்துவிட்டாரே, மறுபடியும் என்ன பரிசோதனை?

அவர் ஒரு நாள், ஒரு வெயிலில் பார்த்தார். அலமாரிகள் சுவரை மறைத்துக்கொண்டிருந்தன. இப்போது வீடு காலி. இந்தக் காலி வீடு சில நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும், விட்டுவிடாதீர்கள்.

வீடுகளைக் கெடுப்பதில் பெரும்பங்கு தண்ணீருடையது. அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் உணவுக்குச் சேர்க்கும் வண்ணத்தில் சில சொட்டு விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. மலிவான சாமான், சுலபமான வேலை.

சுவரில் ஈரத் திட்டு இருந்தால், அது உள்ளிருந்து வரும் ஓதமா, அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிவதா என்று தெரிய வேண்டும். ஓர் அடிச் சதுரத்துக்கு அலுமினியம் ஃபாயிலை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘ஈரம் தாங்கும் பெயிண்ட்’ வாங்கி அடிப்பவர்கள் அடுத்த வருடம் மறுபடி அடிப்பார்கள்.

மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, அஸ்திவாரத்தை விட்டு விலகி ஓடுகிறதா, சுவரோரம் தேங்குகிறதா என்பதை வேறெந்த நாளிலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

பூட்டிக் கிடந்த குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால் பதற வேண்டாம். வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதற்கப்புறமும் நாறினால் பதறலாம்.

சுவரோரமும் கதவு நிலையிலும் பென்சில் தடிமனில் மண் கோடு போல ஓடினால் அது கரையான் புற்று. தரை வேலைக்கு முன்னால் மருந்து அடித்தாக வேண்டும்.

சுவரில் விரிசல் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

தலைமுடி அளவு விரிசல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும், பூச்சு காயும்போது வருவது. அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டியது, ஒரு முனையில் குறுகி மறு முனையில் விரிந்து போவது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் வரிசையில் படிக்கட்டு போல இறங்குவது, இவற்றைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். கூடவே கதவு திடீரென்று சிக்க ஆரம்பித்தால் சீக்கிரமாகவே காட்டுங்கள்.

நடுத்தரமான விரிசலுக்கு ஒரு பென்சில் போதும். இரண்டு முனையிலும் கோடு போட்டு, தேதியையும் அகலத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சில மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். நின்றுபோன விரிசலும் வளர்கிற விரிசலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். புட்டி வைத்து மூடிவிட்டால் எது எது என்று அப்புறம் தெரியாது.

எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் குடிபோவதா, குடிபோய்விட்டு மெதுவாகச் செய்வதா?

இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. என் கட்சி இரண்டுக்கும் நடுவில்.

தூசியும் உடைப்பும் உள்ள வேலைகளைச் சாமான் வருவதற்கு முன் முடியுங்கள்: வயரிங், குழாய், தரை, மேல்கூரைப் பூச்சு. கட்டில் பீரோவோடு ஒரு அறையில் தரையை உடைப்பது பெருந்துன்பம். நான் பட்டிருக்கிறேன்.

ஆனால் அறைகளின் அமைப்பை மாற்றுவது, சமையலறையைப் புதிதாக வடிவமைப்பது, எந்தச் சுவரில் அலமாரி என்பதெல்லாம் சில மாதம் அந்த வீட்டில் வாழ்ந்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடிந்தால் ஒரு வெயில் காலமும் ஒரு மழை அல்லது குளிர் காலமும் பார்த்துவிடுங்கள். மாலை வெயில் எந்த ஜன்னலில் அடிக்கிறது, செருப்பை எங்கே கழற்றுகிறீர்கள், துணி எங்கே குவிகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் வராது. எங்கள் வீட்டில் ‘படிப்பறை’ என்று நாங்கள் திட்டம் போட்ட அறையில் மூன்று மாதம் யாரும் போய் உட்காரவே இல்லை. எல்லாரும் சமையலறை மேசையில்தான் படித்தார்கள். நல்லவேளை, அந்த அறைக்கு மர வேலை கொடுக்கவில்லை.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

வெளியிலிருந்து உள்ளே, மேலிருந்து கீழே, சுவருக்குள் இருப்பதிலிருந்து சுவருக்கு மேல் இருப்பதற்கு. இந்த மூன்றையும் மனதில் வைத்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

கூரை ஒழுகும்போது உள்ளே எதைச் செய்தாலும் வீண். அதனால் கூரை, வெளிச்சுவர், வடிகால் முதலில். அப்புறம் கட்டமைப்புச் சம்பந்தப்பட்டவை, உடைப்பு வேலைகள். அப்புறம் சுவருக்குள் போகும் குழாயும் வயரும். இவை முடிந்து, குழாயில் அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் பூச்சு. அடுத்து குளியலறை நீர்காப்பு, டைல்ஸ். பிறகு பிரைமரும் முதல் கோட் பெயிண்டும், அலமாரி வேலை, மரத்தரை இருந்தால் அது, கடைசிக் கோட், விளக்கும் கைப்பிடியும்.

பூச்சு மூடுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். சுவரோரம் ஒரு அளவு டேப்பை விரித்து வைத்து, அதுவும் படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படம் சொல்லும். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையைப் போலவே இடைவெளியும் முக்கியம். சிமெண்டுப் பூச்சை ஒரு வாரமாவது நனைத்து, பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். தரையில் புதிதாகப் போட்ட சிமெண்டுக் கலவை, நல்ல காற்றோட்டத்தில், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக் காயும். 5 சென்டிமீட்டர் போட்டால் 50 நாள். அதற்கு முன்னால் மேலே மரத்தரை போட்டால் பலகை உப்பிக்கொண்டு எழும். "நாளைக்கே போட்டுரலாம் சார்" என்று சொல்கிறவர் ஆறு மாதம் கழித்து வரமாட்டார்.

பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

மூன்று பட்டியல் எழுதுங்கள். செய்யாவிட்டால் ஆபத்து அல்லது சேதம்: மின்சாரம், கேஸ், ஒழுகல், கரையான். செய்தால் தினசரி வாழ்க்கை சுலபமாகும்: சமையலறை, குளியலறை, அலமாரி. செய்தால் அழகு. முதல் பட்டியலை முழுக்க முடிக்கும் வரை மூன்றாவதைத் திறக்காதீர்கள். சொல்வது எளிது, தெரியும். சுவருக்குள் போகும் செம்புக் கம்பிக்குச் செலவழிக்க யாருக்கும் ஆசை வராது, வருகிற விருந்தாளியிடம் காட்டவும் முடியாது. அப்படியும் அதற்குத்தான் முதலில் காசு.

மொத்த மதிப்பீட்டுக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் தனியாக ஒதுக்குங்கள். வீடு பழையது என்றால் 20-க்குக் குறையாமல். டைல்ஸைப் பெயர்த்த பிறகுதான் கீழே குழாய் துருப்பிடித்திருப்பது தெரியும். இந்தப் பணம் மிஞ்சினால் நல்லது. மிஞ்சும் என்று எண்ணி முன்கூட்டியே சோபாவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

டைல்ஸ், பெயிண்ட் எவ்வளவு வாங்குவது?

டைல்ஸ் நேர் வரிசையில் பதித்தால் பரப்புக்கு மேல் 10 சதவீதம், மூலைவாட்டில் பதித்தால் 15. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். எண் மாறினால் நிறமும் லேசாக மாறும், பதித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பெயிண்ட் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் சுவர்கள் 42 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்கு 4 கழித்தால் 38. இரண்டு கோட்டுக்கு 76. ஏழரை, எட்டு லிட்டர் வாங்கினால் சரியாக இருக்கும்.

காண்ட்ராக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பணம் எப்படிக் கொடுப்பது?

மூன்று பேரிடம் விலை கேளுங்கள், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள். "குளியலறையைப் புதுப்பிக்கணும்" என்று வாயால் சொன்னால் மூவரும் மூன்று குளியலறைக்கு விலை சொல்வார்கள். பழைய டைல்ஸை எடுப்பது யார், குப்பையை அள்ளுவது யார், நீர்காப்பு எத்தனை கோட், குழாய் எந்த வகை என்று வரிவரியாக எழுத்தில் இருக்கட்டும். மற்ற இருவரை விட வெகுவாகக் குறைத்துச் சொல்கிறவர், பெரும்பாலும் எதையோ கணக்கில் விட்டிருப்பார். எதை என்று கேளுங்கள்.

அவர் இரண்டு மூன்று வருடம் முன்பு செய்த வேலை ஒன்றைப் போய்ப் பார்ப்பது நல்லது. நேற்று முடித்த வேலை எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும்.

பணத்தை நாட்கணக்கில் கொடுக்காமல் வேலைக் கணக்கில் கொடுங்கள்: குழாய் முடிந்து சோதித்ததும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு என்று. கடைசி 5 முதல் 10 சதவீதத்தை, சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் தீர்ந்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதியில் பிடித்துவைத்தால் சண்டை வரும், முதலிலேயே பேசினால் ஒப்பந்தம். நடுவில் நீங்கள் மனம் மாறி ஏதாவது சேர்த்தால், அதற்கு எவ்வளவு கூடும் என்று அன்றைக்கே எழுதி வாங்குங்கள். முக்கால்வாசி மனஸ்தாபம் "சின்ன வேலைதானே சார், பார்த்துக்கலாம்" என்பதில்தான் தொடங்குகிறது.

இந்தச் சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகும். எடுக்கலாமா?

தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேஸ்திரி சொன்னார் என்றும் முடிவு செய்யாதீர்கள். தூணும் உத்தரமும் சுமக்கிற கான்கிரீட் வீட்டில் சில சுவர்கள் வெறும் தடுப்பு, எடுக்கலாம். சுவரே கூரையைத் தாங்குகிற வீட்டில் அப்படி இல்லை. மெல்லிய சுவர் என்பதால் சுமை இல்லை என்று அர்த்தமும் இல்லை. கட்டமைப்புப் பொறியாளரின் கட்டணம், விழுந்த தளத்தைச் சரிசெய்யும் செலவில் ஒரு துளி.

பழைய வீட்டில் உடைக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) ஈயமும். கல்நார் கூரைத் தகட்டில் மட்டும் இல்லை. பழைய தரை டைல்ஸ், குழாய்ச் சுற்று, கூரைப் பலகையிலும் இருக்கலாம். உடையாமல் இருக்கும் வரை பெரிய தொந்தரவில்லை. அறுத்தாலோ துளையிட்டாலோ நுண்ணிய இழைகள் பறந்து நுரையீரலுக்குள் போகும். பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால், உலர்வாகத் தேய்க்கும் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிகவும் கெடுதல். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-ல்தான். பிரிட்டனில் எல்லா வகைக் கல்நாருக்கும் தடை வந்தது 1999-ல். ஆக ‘அவ்வளவு பழைய வீடு இல்லையே’ என்பது சமாதானம் ஆகாது. சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்துச் சோதிக்கக் கொடுங்கள், அதுவரை தொடாதீர்கள்.

குளியலறையில் எதில் காசு மிச்சம் பிடிக்கலாம்?

டைல்ஸில் பிடிக்கலாம். நீர்காப்பில் கூடாது. டைல்ஸும் இடையில் பூசும் கலவையும் தண்ணீரை முழுக்கத் தடுக்காது, தடுப்பது அடியில் இருக்கும் நீர்காப்புப் பூச்சு. அது தரையோடு நிற்காமல் சுவரிலும் ஏற வேண்டும், ஷவர் பகுதியில் ஆள் உயரத்துக்கு. டைல்ஸ் பதிக்கும் முன் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். மட்டம் இறங்கக் கூடாது, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரியக் கூடாது. வேலைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். தரைச் சரிவு வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும்.

சமையலறை மேடை எவ்வளவு உயரம்?

வழக்கமாக 85 முதல் 90 சென்டிமீட்டர். ஆனால் அதிகம் சமைக்கிறவர் யாரோ, அவர் முழங்கையை மடித்து நிற்கட்டும். முழங்கைக்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டர்தான் அவருக்கான உயரம். அடுப்பு, கழுவும் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி மூன்றுக்கும் இடையே போய்வரும் தூரம் மொத்தம் 4 முதல் 8 மீட்டருக்குள் இருந்தால் கால் வலிக்காது. மேடைக்கு மேல் எத்தனை பிளக் வேண்டும் என்று எண்ணி, அதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் நானே செய்யலாம்?

பெயிண்ட், கைப்பிடி, அலமாரிப் பலகை, ஜன்னல் இடுக்கு அடைப்பது எல்லாம் செய்யலாம். மின்பெட்டி, கேஸ், கூரை மேல் வேலை, சுமை தாங்கும் சுவர் வேண்டாம். துளையிடும்போது ஸ்விட்ச், பிளக் இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயிருக்கும். பழைய வீட்டில் குறுக்காகவும் போயிருக்கும்.

அடுக்குமாடியில் வேலை செய்ய என்ன வேறுபாடு?

அனுமதி, வேலை நேரம், குப்பை, லிஃப்ட். நான்கையும் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கீழ் வீட்டுக் கூரையை, அவர்கள் சம்மதத்தோடு, வேலை தொடங்கும் முன் போட்டோ எடுத்து வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. காப்பீடு இருந்தால் வேலை நடக்கப்போகிறது என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு நிபந்தனை போடும் காப்பீடுகள் உண்டு. இது தனி வீட்டுக்கும் பொருந்தும்.

வேலை முடிந்தது என்று எப்போது ஒப்புக்கொள்வது?

பகல் வெளிச்சத்தில், கையில் காகிதத்தோடு, தனியாக ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு வடிகால் தாங்குகிறதா என்று பாருங்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டினால் சில இடத்தில் ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்கும், அங்கே கலவை பிடிக்கவில்லை. இருட்டிய பிறகு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் பூச்சின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். அது ரொம்பக் கொடுமையான சோதனை, படுக்கையறைக்கு மட்டும் செய்தால் போதும்.

குறைகளை எழுதி, தேதி போட்டு, ஒரு பிரதியைக் காண்ட்ராக்டரிடம் கொடுங்கள். கடைசித் தவணை அதற்கப்புறம். அவர் கிளம்பும் முன் மிச்சமிருக்கும் டைல்ஸில் ஒரு பெட்டியும், ஒவ்வொரு பெயிண்டிலும் கொஞ்சமும் கேட்டு வாங்கி, டப்பா மேல் எந்த அறை என்று எழுதி வையுங்கள்.